நானூற்று நாற்பது கிராம்

ஜூலை 8, திங்கள்

வேலாயிபட்டி வந்து சேர்ந்தோம். ஆண்டிபட்டியிலிருந்து பதினாறு கிலோமீட்டர், அதில் கடைசி நான்கு கிலோமீட்டருக்கு ரோடு என்று ஒன்றும் இல்லை. சமுதாயக் கூடத்தில் தங்கல். கூட வந்திருப்பவள் ரெஜினா, ஊட்டச்சத்துப் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. யார் எதைச் சொன்னாலும் நம்புகிறாள். இந்த வேலைக்கு இதைவிடப் பெரிய குறை கிடையாது.

மாலையில் ஊர்க்காரர்களை உட்காரவைத்து விளக்கினேன். தமிழ்நாட்டில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறார் என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். எல்லாரையும் கேட்க முடியாது. குலுக்கிப் போட்டு ஊர்களை எடுத்து, ஊருக்கு இருபது வீடு எடுத்து, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவோம். அதில் ஒரு வீட்டில் மட்டும் ஐந்து நாள் தராசோடு போய் உட்காருவோம். வாய் சொல்வதும் தராசு சொல்வதும் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கின்றன என்று பார்ப்பதற்கு.

“அரிசி கார்ட நிப்பாட்டவா?” என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இருப்பவர் கார்டு போய்விடுமோ என்று குறைத்துச் சொல்வார், இல்லாதவர் மானம் போய்விடுமோ என்று கூட்டிச் சொல்வார். இருபத்தேழு வருடமாகக் கேட்கிறேன், ஒருத்தர்கூட உள்ளதை உள்ளபடி சொன்னதில்லை.

தலையாரி முத்துக்காளை உருப்படியான ஆள். வீட்டு எண்கள் அத்தனையும் மனப்பாடம். டீ வாங்கி வந்தார், மறுத்துவிட்டேன்.

ஒசூரில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் மதுவுக்குப் போன் செய்தேன். என்ன சாப்பிட்டாய் என்றேன். ரசம் என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

தராசு வீடு, எண் பதினேழு. வீட்டுக்காரர் சீலமுத்து, வெங்காயத் தோட்டத்தில் கூலி. மனைவி வீருசின்னம்மாள். மகன் தினேஷ், மில் வேலை. மொத்தம் மூன்று பேர். ஒரு மகள் இருந்தாளாம், மேலப்பட்டியில் கட்டிக்கொடுத்து, இரண்டு மாதத்துக்கு முன்னால் எவனோடோ ஓடிவிட்டாளாம். இதை முத்துக்காளைதான் சொன்னார். வீருசின்னம்மாளிடம் கேட்டேன், “அவ பேச்ச எடுக்காதீங்க” என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

காலையில் ஒரே சமையல். வடித்த சோற்றை எடை போடுவோம். ஒவ்வொரு வேளையும் போய் ஒவ்வொருவர் தட்டையும் எடை போடுவோம். மறுநாள் காலையில் பானையில் மிச்சமிருப்பதை எடை போடுவோம். கூட்டினால் சரியாக வர வேண்டும்.

ஜூலை 10, புதன்

வரவில்லை.

நேற்று வடித்த சோறு 3,180 கிராம். சீலமுத்து 1,040. தினேஷ் 890. வீருசின்னம்மாள் 620. இன்று காலை பானையில் மிச்சம் 190. கூட்டினால் 2,740. நானூற்று நாற்பது கிராம் சோற்றைக் காணோம். முருங்கைக்கீரையிலும் ஒரு பங்கு இல்லை.

முதலில் ரெஜினாவைச் சந்தேகப்பட்டேன். அழுதுவிட்டாள். பிறகு தராசைச் சந்தேகப்பட்டேன். ஒரு கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்தேன், முள் சரியாக ஒரு கிலோவில் நின்றது. மிஞ்சியது வீருசின்னம்மாள்.

“நாயிக்குப் போட்டேங்க.”

“எந்த நாய்?”

“தெருவுல திரியுறதுதேன். எங்க நாயில்ல.”

எங்கள் படிவத்தில் ‘பிராணிகளுக்கு இட்டது’ என்று ஒரு கட்டம் உண்டு. கள்ளக் கணக்கெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் வந்து படுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தெருவில் நின்றேன். நான் பார்த்தது ஒரே ஒரு நாய், விலா எலும்பை எண்ணலாம். கீரையோடு அரைக்கிலோ சோறு தினமும் தின்கிற நாய் அப்படியா இருக்கும்?

இது ஒரு வீட்டு விஷயம் இல்லை. இந்த ஒரு வீடு மாவட்டத்தில் ஆயிரத்து இருநூறு வீட்டுக்குப் பதிலாக நிற்கிறது. இங்கே நானூற்று நாற்பது கிராம் காணாமல் போனால் அறிக்கையில் அரை டன் சோறு காணாமல் போகும். விடமாட்டேன்.

அலுவலகத்திலிருந்து ஹரிஹரன் கூப்பிட்டார். சரிபார்ப்புப் பிரிவில் இருப்பவர், சின்ன வயது, குரல் மட்டும் பெரியது. “மேடம், கர்ப்பிணி சாம்பிள் ரொம்பக் கம்மி. ஊருக்கு ரெண்டு பேராவது பிடிங்க.” பிடிப்பதற்கு இது என்ன கோழியா? நர்ஸ் நோட்டில் இந்த ஊரில் ஒரே ஒரு பெயர், அவளும் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள்.

மது: ரசம் சாதம். மூன்று நாளாக ஒரே பதில், யோசிக்காமல் சொல்கிறாள். கணக்கெடுப்பில் இப்படி வந்தால் சிவப்பு மையில் சுழித்து மறுபடி போய்க் கேள் என்று அனுப்புவேன். ஒசூர் தண்ணீருக்கு ரசம் நன்றாக வருகிறதோ என்னவோ.

போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் பெரிய பையோடு வந்து நின்றாள். மூன்றாம் நாள் நானே பஸ் ஏற்றிவிட்டேன். மாப்பிள்ளைக்கு நல்ல சம்பளம், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. கை வீங்கியிருந்ததற்கு மாடிப்படியில் விழுந்தேன் என்றாள். விழுந்திருப்பாள்.

ஜூலை 11, வியாழன்

நேற்றைய கணக்கில் 425 கிராம் இல்லை.

பதினேழாம் வீட்டில் பின்பக்கம் ஓர் அறை, வெளியே பூட்டு. என்ன இருக்கிறது என்று கேட்டேன். “வெத வெங்காயம்” என்றாள். வெங்காயத்துக்குக் காற்று வேண்டும். பூட்டிவைத்தால் அழுகும் என்று எனக்கே தெரியும், வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்கிறவன் பெண்டாட்டிக்குத் தெரியாதா?

மதியம் தினேஷ் தட்டைப் பார்த்து முனகினான். “கருவாட்டக் கண்ணுல பாத்து ரெண்டு மாசமாச்சு.”

“ஒங்கப்பாவுக்கு வாடை ஆகலடா” என்றாள் தாய்.

சாயங்காலம் சீலமுத்து என்னிடம் ஆசையாகக் கேட்கிறார், “மெட்ராஸ்ல நெத்திலிக் கருவாடு நல்லாருக்குமாம்லம்மா?” வாடை ஆகாத மனிதர் கேட்கிற கேள்வியா இது? பொய் சொல்லிப் பழகிய வீடு. தாளிப்பையும் நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் மிச்சம் பிடிக்கிறார்கள் போல. மூன்று நாளும் முருங்கைக்கீரை, அடுப்படியில் மாங்காய்க் கீற்று, உப்பு.

ரெஜினா, “அந்த ரூமுக்குள்ள யாரோ இருமுனாங்க மேடம்” என்றாள். அவள் சொல்லி நான் முதல்முறையாக ஒன்றை நம்பினேன். மலை பக்கத்தில்தான் இருக்கிறது. போலீசுக்குப் பயந்து மலையில் கிடக்கிற எவனாவது இறங்கிவந்து தங்கியிருப்பான். அவனுக்குத்தான் கீரையும் சோறும். அரசாங்கக் கணக்கில் அவன் வேறு தின்கிறான்.

படிவத்தின் குறிப்புப் பகுதியில் தெளிவாக எழுதினேன்: ‘வீடு எண் 17. பட்டியலில் இல்லாத நான்காவது நபர் ஒருவர் தினமும் உண்கிறார் எனச் சந்தேகம்.’ எழுதி முடித்ததும் மனசு லேசானது. முத்துக்காளை ஆண்டிபட்டிக்குப் போவதாகச் சொன்னார், ஜெராக்ஸ் எடுக்கப் படிவக் கட்டை அவரிடம் கொடுத்தேன். இந்த ஊரில் நம்பிக் கொடுக்க அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

ஜூலை 12, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டே முக்காலுக்கு நானும் ரெஜினாவும் தராசோடு போனால் பதினேழாம் வீட்டு வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள். மூன்று ஆண்கள், கூடவே முத்துக்காளை. வீருசின்னம்மாள் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி வழியை மறித்து நிற்கிறாள். சீலமுத்துவும் தினேஷும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

முன்னால் நின்றவன் கையில் ஒரு தாள். தூரத்திலேயே தெரிந்தது, என் கையெழுத்து.

“எம் பொண்டாட்டி ஓடிப்போயிட்டான்னு ஊரெல்லாம் சொல்லி, டேசன்ல மனுவும் குடுத்துட்டு, உள்ள வச்சுச் சோறு போட்டுக்கிட்டிருக்கியா? ரெண்டு மாசமா அலையிறேன் நான். இந்தா, கெவுருமெண்டே எழுதிக் குடுத்துருக்கு, நாலாவது ஆளு திங்குதுன்னு. தள்ளு!”

“தள்ள மாட்டேன்” என்றாள் வீருசின்னம்மாள். “போன தடவ அவ தோள்ல கொதிக்கிற வெந்நிய ஊத்துன. இந்தத் தடவ கொன்னுதேன் போடுவ. எம் மக இங்கிட்டு இல்ல.”

பூட்டு, இருமல், மாங்காய், கருவாடு. படித்த படிப்பெல்லாம் எங்கே போயிருந்தது எனக்கு? தாளிப்பு வாசனைக்கு யாருக்குக் குமட்டும் என்று ரெஜினாவின் பாடப் புத்தகத்தில்கூட இருக்கும். மலையிலிருந்து திருடனை இறக்கினேனே தவிர, மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண் இருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாரையும் சந்தேகப்பட்டேன், காட்டிக்கொடுக்கிறவனை மட்டும் நம்பினேன். முத்துக்காளை அந்த ஆளுக்குச் சித்தப்பா முறை என்று பிறகு தெரிந்தது.

வீருசின்னம்மாள் என்னைப் பார்த்தாள். நீயா இப்படிச் செய்தாய் என்று கேட்கிற பார்வை. அவமானமாக இருந்தது. அவ்வளவு அவமானத்தை நான் எந்த ஊரிலும் பட்டதில்லை.

“அந்த நாலாவது ஆள் நான்தான்” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். ரெஜினா வாயைத் திறந்தாள், அவள் காலை மிதித்தேன்.

முத்துக்காளை சிரித்தார். “டீ வாங்கியாந்தாக்கூடத் தொட மாட்டீகளேம்மா.”

“எல்லார் முன்னாடியும் தொட மாட்டேன். கணக்கெடுக்கிற வீட்டுல பச்சைத் தண்ணி குடிச்சாலும் எங்களுக்கு வேலைக்கு ஆபத்து. அதுக்காக மூணு நாளா உப்புமாவே தின்னுட்டு இருக்க முடியுமா? இந்தம்மா கீரை நல்லா வைக்குது. கேட்டேன், போட்டுச்சு, தின்னேன். தினமும் தின்னேன். கணக்கு இடிச்சது, என் பேர எழுதப் பயந்துகிட்டு மொட்டையா நாலாவது ஆள்னு எழுதினேன். அதக் கொண்டாந்து நடுத்தெருவுல வாசிச்சு என் மானத்த வாங்கிட்டீங்க.”

கூட வந்தவர்களில் ஒருவன், “நிறுக்க வந்த அம்மா தின்னுட்டுப் போயிருக்குடா” என்று சிரித்தான். வேடிக்கை பார்க்கக் கூடியவர்களும் சிரித்தார்கள். காது சூடானது.

புருஷன்காரன் சிரிக்கவில்லை. “அப்பக் கதவத் தொறந்து காட்டச் சொல்லு.”

நான் நிலைப்படியில் உட்கார்ந்தேன். தராசை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி நம்பர் இரண்டையும் நோட்டில் எழுதினேன்.

“உள்ள சமைச்சது எடை போடாம இருக்கு. அது முடியிற வரைக்கும் எவனும் உள்ள கால் வைக்கக் கூடாது. வச்சா, அரசாங்க வேலையத் தடுத்தாங்கன்னு கலெக்டர் ஆபீசுக்கு எழுதுவேன். உங்க பேரச் சொல்லுங்க. அப்புறம் இந்தத் தாள் ரகசியத் தாள், இது உங்க கைக்கு எப்படி வந்துச்சுன்னும் எழுதணும். தலையாரி, உங்க முழுப்பேரு என்ன?”

முத்துக்காளையின் முகம் மாறியது. அந்த ஆளின் தோளைப் பிடித்து இழுத்தார். “வாப்பா, போவோம். அது தின்னுருக்கு, அம்புட்டுதேன். எம் பொழப்பக் கெடுத்துறாத.” தாளை வாங்கி என் பக்கம் நீட்டினார். அந்த ஆள் போகும்போது கதவைப் பார்த்து, “நாளைக்கி வாறேன்” என்றான்.

வண்டிச் சத்தம் ஓய்ந்தபின் வீருசின்னம்மாள் பூட்டைத் திறந்தாள். உள்ளே வெங்காயம் நிஜமாகவே இருந்தது, ஒரு மூலையில். இன்னொரு மூலையில் பாயில் அவள். பெயர் சிவரஞ்சனி. ஐந்தாம் மாதம். இடது தோளிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி வெளுத்திருந்தது. மகளின் உயிரைக் காப்பாற்ற, மகள் ஓடிப்போனாள் என்று ஊர் வாயில் விழுந்திருக்கிறார்கள் இந்த மூன்று பேரும்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “நான் தின்னத எம்புட்டுன்னு எழுதுனீங்க?”

“நானூத்தி நாப்பது.”

“அம்புட்டா திங்கிறேன்?” வெட்கப்பட்டாள்.

“பத்தாது” என்றேன். “இந்த மாசத்துக்கு இன்னும் திங்கணும்.”

நான் எழுதிய ஒரு வரியால் இவள் நாளைக்குள் இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். மன்னித்துவிடு என்று வீருசின்னம்மாளிடம் சொன்னேன். “இப்ப அதுக்கு நேரமில்ல” என்று துணி மடிக்கப் போனாள்.

மாலையில் மது கூப்பிட்டாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. “அந்தப் பைய எடுத்துக்கிட்டு எப்ப வர்ற?” என்றேன். “நிஜமாவாம்மா?” என்றாள். நான் எப்படிப்பட்ட தாயாக இருந்திருக்கிறேன் என்று அந்த ஒரு வார்த்தையில் தெரிந்தது.

ஜூலை 13, சனி

விடியும் முன் ஏலக்காய்த் தோட்ட ஜீப் வரும். இந்தப் பக்கத்துப் பெண்கள் தினமும் அதில் ஏறி மலை தாண்டிப் போய் வேலை செய்துவிட்டு மாலையில் திரும்புகிறார்கள். ஒரு ஜீப்பில் பதினெட்டு இருபது பேர், எல்லார் தலையிலும் துண்டு, எல்லார் மடியிலும் தூக்குவாளி. ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் தலையை எண்ணுவதே இல்லை. அங்கே ஒரு தோட்டத்தில் வீருசின்னம்மாளின் தங்கை இருக்கிறாள்.

நானும் ரெஜினாவும் ஊர் எல்லையில் நின்றோம். முத்துக்காளை வந்தால் பேச்சுக் கொடுக்க. வரவில்லை. ஜீப் போனது. துண்டு கட்டிய தலைகளில் எது சிவரஞ்சனியுடையது என்று எனக்கே தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது.

எட்டு மணிக்குப் புருஷன்காரன் வந்தான். இந்தத் தடவை வீருசின்னம்மாள் வழிவிட்டாள். பின்னறையில் வெங்காயத்தை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

கடைசி நாள் எடை. வடித்த சோறு 3,160. “நேத்து மாதிரியே போட்டுட்டேன், கைப்பழக்கம்” என்றாள் வீருசின்னம்மாள். சீலமுத்துவும் தினேஷும் அவளும் தட்டில் எடுத்துக்கொண்டதுபோகப் பானையில் நிறைய மிச்சம் இருந்தது. அவள் ஒரு தட்டைக் கழுவினாள். சோறு போட்டு, கீரையை அள்ளி வைத்து என் முன்னால் நகர்த்தினாள்.

“ஊருக்கு முன்னாடி தின்னேன்னு சொன்னீகள்ல. தின்னுட்டுப் போங்க.”

தராசு பக்கத்திலேயே இருந்தது. ரெஜினா அதை எடுக்கப் போனாள், வேண்டாம் என்றேன். கீரையில் உப்பு கொஞ்சம் தூக்கல். முழுவதும் சாப்பிட்டேன்.

ஜூலை 24, புதன்

அலுவலகம். ஹரிஹரன் மேசைக்குக் கூப்பிட்டார். பதினேழாம் வீட்டுப் படிவத்தில் என் வரியை அடித்துவிட்டு, ‘காணாத அளவு: கணக்கெடுப்பாளர் உண்டது’ என்று நான் எழுதிக் கையெழுத்திட்டிருப்பதைக் காட்டினார்.

“மேடம், இது யாராவது உங்கள மிரட்டி எழுத வச்சதா?”

“இல்ல.”

“ஒரு டம்ளர் மோர் குடிச்சான்னு ஒருத்தன போன வருஷம் நீங்கதான் ஊருக்குத் திருப்பி அனுப்புனீங்க.”

“ஆமா.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகப்படுகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று எதிரே உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. அழகாக இல்லை. அந்த வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்களாம், அதற்குத் தனியாக ஒரு முறை இருக்கிறதாம், சராசரி பெரிதாக மாறாதாம். கர்ப்பிணி ஒருத்தியாவது கிடைத்தாளா என்று கேட்டார். கிடைக்கவில்லை என்றேன்.

ஜூலை 27, சனி

மது வந்துவிட்டாள். தூங்குகிறாள். எழுப்பவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மெமோ வந்தது. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் எடுத்தாயிற்று. இனிமேல் வெளியூர் வேலை இல்லை. ரெஜினா பாத்ரூமில் போய் அழுதிருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாமே மேடம் என்கிறாள். சொன்னால் அது கோப்பில் ஏறும், கோப்பை யாராவது ஜெராக்ஸ் எடுக்கப் போவார்கள்.

விளக்கக் கடிதத்துக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். உண்ட நாட்கள் எத்தனை? ஐந்து என்று எழுதினேன். உண்ட அளவு, சராசரியாக ஒரு நாளைக்கு? நானூற்று நாற்பது கிராம் சோறு, முருங்கைக்கீரை ஒரு பங்கு. உண்டவரின் வயது ஐம்பத்திரண்டு. கர்ப்பிணியா என்று ஒரு கட்டம், இல்லை என்று டிக் அடித்தேன்.

கடைசிக் கேள்வி, விதியை மீறியதற்கான காரணம். ‘பசி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.